ஒற்றை வண்டிப் பாலம்

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் பக்கமாகப் போகும் சாலையில் ஓரிடத்தில் கிளை பிரிந்து, ஏரிக்கரையை ஒட்டியே ஒரு கிராமச் சாலை போகிறது. கலங்கலில் வழியும் தண்ணீர் ஓடுகிற கால்வாயின் மேல் சின்னதாக ஒரு பாலம். இந்தப் பக்கத்து ஜனங்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள். கல்வர்ட் என்ற ஆங்கிலச் சொல் ஊர் வாயில் புரண்டு புரண்டு அப்படி ஆகிவிட்டது. பாலத்தில் ஒரு வண்டி ஏறிவிட்டால் எதிரில் சைக்கிள்கூட வர முடியாது. கைப்பிடிச் சுவர் ஒருபுறம் இடிந்து, துருப்பிடித்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கம்பியின் நுனியில் யாரோ சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள்.

பாலத்துக்கு மேற்கே புளியமரம். மரத்தடியில் டீக்கடை. மாசி மாதம். எங்கள் வயலின் சம்பா அறுப்புக்குக் கதிர் அறுக்கும் மிஷின் இன்று வரும், நாளை வரும் என்று இழுத்துக்கொண்டே போன மூன்று நாட்களும் நான் அந்தக் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் அதிகம் பேசவில்லை. பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் விடியற்காலை. ஏரிமேல் பனி இன்னும் கலையவில்லை. கிழக்கே ஒற்றை விளக்கு ஆடி ஆடி வந்தது. பால்காரர். டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் இரண்டு பக்கமும் பால் கேன், காலுக்கு நடுவில் இன்னொன்று. அவர் கால் ஊன்ற வேண்டுமென்றால் முழங்காலை அகட்டித்தான் ஊன்ற வேண்டும்; ஊன்றினால் வண்டி சாயும். மேற்கிலிருந்து முதல் நடை டவுன் பஸ் வந்தது. பாலத்தை முதலில் நெருங்கியது பஸ்தான். ஆனாலும் டிரைவர் பாலத்துக்குப் பத்தடி முன்னாலேயே நிறுத்தி, முன்விளக்கை அணைத்துச் சின்ன விளக்கை மட்டும் விட்டு வைத்தார். பால்காரர் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதே ஆட்டத்தோடு பாலத்தைக் கடந்தார். கையை எடுக்க வழியில்லை. பஸ்ஸைத் தாண்டும்போது முகவாயை ஒருமுறை மேலே தூக்கி இறக்கினார். டிரைவரும் அதே மாதிரி தூக்கி இறக்கினார். கண்டக்டர் இரண்டு விசில் கொடுக்க, பஸ் நகர்ந்தது.

மொத்தமும் அரை நிமிஷம் இருக்கும். ஆனால் அன்று பகல் முழுக்க நான் பார்த்ததற்கெல்லாம் அந்த அரை நிமிஷம்தான் உரை எழுதியது.

வெயில் ஏறியதும் கரும்பு டிராக்டர்கள் வரத் தொடங்கின. படாளத்தில் இருக்கும் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகிறவை. மாசியில் இந்தச் சாலைகளில் கரும்பு வாசனை அடிக்காத நாள் இல்லை. டிரெய்லருக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்குக் கட்டி, பக்கவாட்டிலும் பிதுங்கி நிற்கும் பாரம். கிழக்கிலிருந்து பாலத்துக்கு ஏறுவது சிறு மேடு. நடந்து வருகிறவருக்கு மேடென்றே தெரியாது. பாரத்தோடு வரும் டிராக்டருக்கு அது மலை. ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் தரையிலிருந்து நாலு விரல் எழும்பி எழும்பி அமர்வதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. முன்சக்கரம் எழும்பினால் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. அந்த நேரத்தில் நிறுத்தினால் பாரம் பின்னால் இழுக்கும்.

அப்படி ஒரு டிராக்டர் மேட்டில் பாதி ஏறியிருக்கும்போது, இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கார் பாலத்தில் ஏறிவிட்டது. வெளியூர் வண்டி. காரின் மூக்கு பாலத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. முறைப்படி பார்த்தால் முதலில் வந்தது அதுதான். டிராக்டர் ஓட்டி ஹாரன் அடிக்கவில்லை. அடிக்கக் கையும் இல்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். கார்க்காரர் ஒரு கணம் பார்த்தார். எழும்பி அமர்கிற முன்சக்கரத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். ரிவர்ஸ் போட்டு, தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, புளியமரம் வரை பின்னால் வந்து ஒதுங்கினார். டிராக்டர் முக்கி முனகிப் பாலத்தைத் தாண்டியது. காரைக் கடந்த பிறகுதான் டிராக்டர் ஓட்டி ஒரு கையை எடுத்து, உள்ளங்கை தெரிய விரித்துக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் கறுப்பாகக் கரும்புப் பிசின்.

கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: "லோடு வண்டிக்குத்தான் மொதல் வழி. அதான் இங்க பழக்கம்."

பழக்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. யாருக்கு நிற்பது கஷ்டமோ, நின்றால் மறுபடி கிளம்புவது யாருக்குப் பெரும்பாடோ, அவருக்கு முதல் வழி. பால் கேனோடு வருகிறவருக்கு பஸ் நிற்கிறது. பாரவண்டிக்குக் கார் நிற்கிறது. காருக்கும் பஸ்ஸுக்கும் பிரேக்கை மிதித்தால் முடிந்தது. 1989-இல் நாட்டுக்கு வந்த சாலை விதிகளிலும் இதே நியாயம் எழுதப்பட்டிருந்தது. அகலம் போதாத மலைச் சாலையில், செங்குத்துச் சாலையில் எதிரெதிரே வண்டிகள் வந்தால், இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவர்களுக்கு இது கைப்பழக்கம். சட்டப் புத்தகத்தைத் தொட்டிராத இந்தக் கிராமம் நாலு விரல் மேட்டுக்கும் அதையே கடைப்பிடிக்கிறது.

இந்தப் பாலத்திலிருந்து புறப்பட்டு உத்திரமேரூர் ஊருக்குள் போனால், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தது. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தது. குடும்பு என்ற 30 ஊர்ப் பிரிவுகளிலிருந்து ஓலைச்சீட்டுப் போட்டுக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லி ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறை அதில் விரிவாக இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியமே இருந்தது. யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்ற பட்டியலில் ஒரு விதி என் மனத்தில் தங்கிவிட்டது. கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. நீ போய்விட்டு வந்தாய், இனி அடுத்தவன் போகட்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே இந்த ஊர் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. முறை வைத்து வழி விடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

ஆனால் எல்லோரும் கல்வெட்டைப் படித்துவிட்டு வருவதில்லை.

இரண்டாம் நாள் காலை அதே மேடு, அதே மாதிரி கரும்பு டிராக்டர். இந்தப் பக்கத்தில் பஸ் ஒதுங்கி நின்றது. அதன் பின்னால் நெல் மூட்டை ஏற்றிய மினி லாரி. எல்லோரும் டிராக்டருக்காகக் காத்திருக்கும்போது, ஒரு பைக் பஸ்ஸின் இடது பக்கமாக நுழைந்து வெளிப்பட்டுப் பாலத்தில் பாய்ந்தது. இருபது வயதுப் பையன். டிராக்டர் நின்றே ஆக வேண்டியதாயிற்று. நின்றதும் பின்னால் நகர்ந்தது. டிரெய்லர் மேல் உட்கார்ந்திருந்தவர் குதித்து இறங்கி, "கட்டை, கட்டை" என்று கத்திக்கொண்டே சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைச் செருகினார். கட்டைமேல் சக்கரம் ஏறி நசுக்கிய சத்தம் கடை வரை கேட்டது. நின்றது.

பையன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஓடிவிடவில்லை, முகம் வெளுத்திருந்தது. அதன் பிறகு அந்த டிராக்டரைக் கிளப்ப இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. மேலே இருந்த கட்டுகளில் சிலவற்றை அவிழ்த்து இறக்கினார்கள். பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்கி வந்து தள்ளினார்கள். பையனும் தள்ளினான். பஸ் ஜன்னல்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகங்கள். ஒரு பெண் கையில் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

டிராக்டர் கிளம்பிய பின் ஓட்டி அந்தப் பையனிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நைனா, உனக்கு நிக்கிறதுன்னா ஒரு கால் ஊன்ற வேலை. எனக்கு நின்னா அரை நாள் வேலை. பாத்து வா, போ."

பையன் தலையைக் குனிந்தபடி "சரிண்ணா" என்றான். அந்த இரண்டு வரிப் பேச்சுக்கு மேல் சாலை மரியாதை பற்றி எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுக்க எதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. நிற்பது சுலபமானவர்தான் பெரும்பாலும் நிற்க மறுக்கிறார். அவர் மிச்சம் பிடிக்கிற அரை நிமிஷத்துக்கு விலை கொடுக்கிறவர்கள் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

சாலைக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. மூன்று நாளில் காது அதற்குப் பழகிவிட்டது. பாலத்துக்கு முன் ஒரு ஹாரன் என்றால் 'வர்றேன்'. கடந்த பிறகு சின்னதாக இரண்டு என்றால் 'நன்றி'. விடாமல் அழுத்தினால் அதற்குப் பேச்சு என்று பெயர் இல்லை. முன்விளக்கைச் சிமிட்டினால் நம் ஊரில் 'நான் வர்றேன், நில்லு' என்று பொருள். இங்கிலாந்தில் அதே சிமிட்டலுக்கு 'நீங்க போங்க' என்று பொருள் கொள்கிறார்கள். ஜப்பானில் வழி விட்டவருக்கு அபாய விளக்குகளை (ஹசார்ட்) இரண்டு தடவை மினுக்கி நன்றி சொல்வது வழக்கம். நம் லாரி டிரைவர்கள் சைடு கொடுக்கும்போது வலது கையை வெளியே நீட்டி முன்னால் வீசிக் காட்டுவார்கள்; 'எதிரே காலி, ஏறிப் போ' என்று அர்த்தம். சிலர் கைக்குப் பதில் வலது இண்டிகேட்டரைப் போடுகிறார்கள். அது வலப்பக்கம் திரும்புகிறவர் போடும் விளக்கும்தான் என்பதால், அதை நம்பி ஏறுவது ஆபத்து. சைடு கொடுப்பவரின் மரியாதையை ஏற்றுக்கொண்டாலும், எதிரே பார்க்க வேண்டியது நம் கண்தான். ஒருவர் முந்தும்போது முந்தப்படுகிறவர் வேகத்தைக் கூட்டக் கூடாது என்பதும் அந்த 1989 விதிகளில் இருந்தது. சைடு கொடுத்த பிறகு மனசு மாறக் கூடாது என்று இதைத்தான் டிரைவர்கள் சொல்வார்கள்.

மதியத்துக்கு மேல் சாலையில் நெல் காய்ந்தது. களம் இல்லாதவர்களுக்குத் தார்ச்சாலைதான் களம். சாலையின் பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். டூவீலர்காரர்களுக்கு அந்தக் கல் வரிசை எமன். நெல்மணி மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். கல்லில் மோதினால் தூக்கி எறியும். பகலில் கண்ணுக்குத் தெரியும், இருட்டில் தெரியாது.

பொழுது சாயும் நேரத்தில் ஓர் ஆயா நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூடிவிட்டு, கற்களைப் பொறுக்க ஆரம்பித்தார். இடுப்பு முழுசாக நிமிராது. ஒவ்வொரு கல்லாக எடுத்து, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்து புளியமரத்தடியில் வைத்தார். பதினாலு கல். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசிக் கல்லை வைத்துவிட்டுத் திரும்பிப் போய், சாலையில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்தார். ஒரு சின்னச் சில்லு கிடைத்தது. அதையும் எடுத்து ஏரிப் பக்கம் வீசினார். அந்த ஆயாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இரவில் அந்தப் பக்கம் யார் வரப் போகிறார்கள் என்பதும் தெரியாது.

அதே மாலை ஒரு சாவு வந்தது. முன்னால் மேளம், பின்னால் பூ இறைத்துக்கொண்டு ஆட்கள், நடுவில் பாடை. குவாரிக்குக் காலியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு டிப்பர் லாரி பாலத்துக்கு முன்னால் நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்தார். கழுத்தில் போட்டிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தோளில் சுமை இருப்பவர்களை நிற்க வைக்கக் கூடாது என்பது யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊர்வலம் கண்ணுக்கு மறையும் வரை லாரி கிளம்பவில்லை.

இரவு. ஏரிக்கரையில் தெருவிளக்கு கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், கேரியரில் புல்லுக்கட்டு. எதிரே ஒரு வண்டி, முழு வெளிச்சத்தோடு. அந்த வெளிச்சத்தில் அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார். இன்னும் ஓரடி ஒதுங்கினால் பள்ளம். ஒதுங்க வேண்டிய இடம் எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வண்டி அப்படியே போய்விட்டது. பின்னால் வந்த இன்னொரு வண்டி, லாரியா வேனா என்று தெரியவில்லை, தூரத்திலேயே லைட்டை டிம் பண்ணியது. சாலை மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. அவர் சைக்கிளை நேராக்கித் தள்ள ஆரம்பித்தார். லைட்டை இறக்கியது யார் என்று அவர் பார்க்கவில்லை. இறக்கியவருக்கும் அவர் முகம் தெரிந்திருக்காது.

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் காட்சிதான். பகலில் பாலத்தில் வழி விடுகிறவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். பால்காரர் நாளைக்கும் வருவார். டிராக்டர்காரர் யாருக்கோ மாமன், யாருக்கோ மச்சான். முகம் தெரிந்த இடத்தில் மரியாதை தானாக வருகிறது. இதே ஆட்கள் புக்கத்துறைக்குப் போய்ச் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஏறியதும் முகங்கள் மறைந்துவிடுகின்றன. கறுப்புக் கண்ணாடி, ஹெல்மெட், வேகம். எதிரே வருவது ஆளாகத் தெரிவதில்லை, வண்டியாகத்தான் தெரிகிறது. முந்த வேண்டிய ஒன்று, மறிக்கிற ஒன்று.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். விபத்தில் அடிபட்டவரை முதல் 48 மணி நேரம் அரசே காப்பாற்றும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று நமக்குப் பக்கத்தில் மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல திட்டம். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டுமே. அதற்கு முன்னால் போகிற வண்டி ஒதுங்க வேண்டும். 108 வண்டிக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. நிற்கவே முடியாத வண்டி ஒன்று சாலையில் உண்டென்றால் அது அதுதான். அதற்கு வழி விட அபராதம் சொல்ல வேண்டி வந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மூன்றாம் நாள் மிஷின் வந்துவிட்டது. அறுக்கும் வாய் அகலமாக இருப்பதால் பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. முன்னால் ஒருவர் பின்னோக்கி நடந்தபடி, "வா வா, லெப்ட்டு ஒடி, போதும், வா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரு பக்கமும் வண்டிகள் காத்து நின்றன. முந்தின நாள் நுழைந்த அந்தப் பையனும் இந்தப் பக்கம் பைக்கில் கால் ஊன்றி நின்றிருந்தான். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

மிஷின் தாண்டிய பிறகு நானும் பெஞ்சிலிருந்து எழுந்து அதன் பின்னால் பாலத்தைக் கடந்தேன். கம்பியில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். பழைய சேலைக் கிழிசல். வெயிலில் வெளுத்த ஒன்றின் மேல் புதிதாக இன்னொன்று முடிச்சுப் போட்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன், யார் கட்டினது என்று. அந்த மூன்று நாளில் நான் கேட்ட ஒரே கேள்வி அது. "தெரியலைங்க. வெளுத்துப் போனா யாரோ மாத்திக் கட்டிடறாங்க" என்றார்.

இதைப் படிக்கிற நீங்களும் நாளை ஏதாவது ஒரு வண்டியில் போகத்தான் போகிறீர்கள். குறுகலான இடத்தில் எதிரே ஒருவர் வந்தால், யார் முதலில் வந்தது என்று பார்க்காதீர்கள். நிற்பது யாருக்குக் கஷ்டம் என்று பாருங்கள். அவர் முதலில் போகட்டும். இரவில் எதிர் விளக்கு தெரிந்ததும் உங்கள் விளக்கை இறக்குங்கள். அவர் யாரென்று உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.